ஒரு பிளாஸ்க் குளிர்

கணினியை அதன் சக்திக்கு மீறி ஓடவிடுவது ஒரு விளையாட்டு. ஓவர்குளொக்கிங் என்பார்கள். ஒரு புரொசெசரைச் செய்பவர்கள், இது இவ்வளவு வேகத்தில்தான் ஓடும் என்று எழுதி விற்கிறார்கள். நாங்கள் அதற்குள் மின்சாரத்தைக் கூட்டிச் செலுத்தி, எழுதியதைவிட வேகமாக ஓடவைத்து, ஒரு பெரிய கணக்கை எத்தனை விநாடியில் செய்து முடிக்கிறது என்று பார்க்கிறோம். அதைப் படம்பிடித்து அனுப்பினால் இணையத்தில் உலகப் பட்டியல் ஒன்றில் ஏற்றுவார்கள். வேகம் கூடினால் புரொசெசர் கொதிக்கும். கொதித்தால் நின்றுவிடும். ஆகவே யாரிடம் குளிர் இருக்கிறதோ அவன் வெல்வான். விஷயம் அவ்வளவுதான்.

நான் இருப்பது யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், கரம்பொனில். இந்த விளையாட்டுக்கு இதைவிடத் தோதில்லாத இடத்தை யாராவது கண்டுபிடித்தால் அவர் காலில் விழத் தயார். வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. உப்புக்காற்றில் ஒரு திருகாணியை மேசையில் மறந்துவிட்டால் அடுத்த மாதம் துருப்பிடித்துக் கிடக்கும். மின்சாரமோ, பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டரைப் போட்டால் எங்கள் வீட்டு விளக்கு மங்கும். நோர்வேயில் இருக்கிறவன் யன்னலைத் திறந்தால் போதும். நான் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் மீன்காரர்களோடு நின்று ஐஸ் வாங்கி, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியில் போட்டு, மோட்டார் சைக்கிளில் கட்டி, பாதி உருகுவதற்குள் வீடு வந்து சேரவேண்டும். அந்த ஐஸ் தண்ணீரைக் குழாய் வழியாகப் புரொசெசரின் மேல் ஓடவிடுவேன். என் அறை எப்போதும் சூடை மீன் மணந்தது.

பட்டியலில் பல பிரிவுகள் உண்டு. புதிய சாமான் வாங்க எனக்கு வழியில்லாதபடியால் பழைய புரொசெசர் ஒன்றின் பிரிவில் விளையாடினேன். சந்திக்குப் பக்கத்தில் கணினியும் போனும் திருத்துகிற கடையில் எனக்கு வேலை. கழித்துவிட்ட கணினிகள் அங்கே குவியும். அவற்றிலிருந்து அந்த ஒரே வகைப் புரொசெசரைக் கழற்றிக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து ஓடவிட்டுப் பார்ப்பேன். ஒரே பெயர், ஒரே தொழிற்சாலை. ஆனாலும் ஒன்றைப்போல ஒன்று ஓடாது. சில கொஞ்சம் தட்டினாலே மூச்சடங்கிவிடும். வருடக்கணக்காகத் தேடி ஒன்றே ஒன்று அகப்பட்டது. கொடுத்த மின்சாரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு முறைப்பாடு இல்லாமல் ஓடியது. அதை வைத்து மீன் ஐஸோடு உலகத்தில் பத்துப் பேருக்குள் வந்தேன்.

அப்பாவுக்கு இது விளங்கவே இல்லை. அப்பா வியாபாரி. இளவயதில் குருநாகலில் பலசரக்குக் கடை வைத்திருந்து, கலவரத்தில் கடை எரிய ஊருக்கு வந்தவர். வந்தபிறகு தோட்டம், பனங்கிழங்கு, வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்புவது என்று காலம் போனது. ஆனாலும் மனிதர் கடைக்கு முதலாளி மாதிரியேதான் வீட்டுக்குள் நடமாடினார். அம்மா செத்தபிறகு குசினியும் அவர் ஆட்சிக்குள் வந்துவிட்டது. ரேடியோ கரகரத்தால் அடித்துச் சரியாக்குவார். மோட்டரைக் கழற்றிப் பூட்டுவார். என் சேட்டுப் பொத்தானைக்கூட என்னைக் கேட்காமல் மாற்றித் தைத்துவிடுவார். தொடலாமா என்று அவர் யாரையும் கேட்டு நான் கண்டதில்லை.

"உந்த விளையாட்டிலை என்னடா மிச்சம்?" என்று கேட்பார்.

"மிச்சம் ஒண்டுமில்லை அப்பா."

"அப்ப ஏன்ரா உந்த ஐஸோடை கிடந்து மாயிறாய்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. என்னோடு படித்தவர்களில் ஊரில் மிஞ்சியவன் நான் ஒருவன்தான். நானும் வெளிநாடு போக முயன்றவன், பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டவன். அந்தக் கதை இங்கே வேண்டாம். கலியாண வீடுகளில் என்னைக் காணும் சொந்தங்கள் 'தம்பி இன்னும் இஞ்சைதானோ' என்று கேட்கிற மாதிரியிலேயே நான் ஏதோ தீராத நோய்கொண்ட வருத்தக்காரன் என்று தெரியும். அந்தப் பட்டியலில் மட்டும் நான் இங்கே இருப்பது குறையாகத் தெரியவில்லை. என் பெயர், பக்கத்தில் சின்னதாய் நாட்டின் கொடி, விநாடிக் கணக்கு. சோம்பலாக இருக்கும் நாட்களில் போனில் அதைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளைக்கு இது பெரிய பெருமையா என்று கேட்டால், இல்லை. வேறு ஒன்றும் இருக்கவில்லை.

கனடாவில் இருக்கும் என் பள்ளித் தோழன்தான் இதை எனக்குப் பழக்கியவன். அவன் மார்கழி தை மாதங்களில் கணினியைத் தூக்கிப் பல்கனியில் வைத்துவிட்டு உள்ளே இருந்து கோப்பி குடிப்பான். "மச்சான், உன்ரை புரொசெசருக்கு மட்டும் நல்ல குளிர் கிடைச்சுதெண்டால் முதலாம் இடம் உனக்குத்தான்ரா" என்று எப்போதும் சொல்வான். நல்ல குளிர் என்றால் திரவ நைதரசன். தொட்டால் விரல் கருகும் குளிர். அதை ஊற்றுவதற்கென்று ஒரு செப்புக் கிண்ணமும், இப்போது எங்கும் வாங்கக் கிடைக்காத பழைய மதர்போட் ஒன்றும் திருவிழாவுக்கு வந்தவர்களிடம் கொடுத்துவிட்டிருந்தான். மதர்போட்டை ஐஸ் தண்ணீரோடு ஓடவிட்டேன். கிண்ணம் அலுமாரியில் கிடந்தது. தீவுப்பகுதியில் நைதரசனுக்கு நான் எங்கே போவது?

அது மாட்டுக்காரரிடம் இருந்தது. புளியங்கூடலில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற அண்ணை ஒருவர் போன் திருத்தக் கடைக்கு வந்தார். அவருடைய மோட்டார் சைக்கிளில் பால் கொண்டுபோகிற கான் மாதிரி ஒரு கொள்கலன் கட்டியிருந்தது. மூடியின் ஓரத்தால் வெள்ளைப் புகை வந்தது. சினை ஊசிக்கான காளை விந்தைக் கெடாமல் வைத்திருப்பது நைதரசனில்தான் என்பது எனக்கு அதுவரை தோன்றாமல் போனதே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

"அண்ணை, உதிலை எனக்குக் கொஞ்சம் தருவியளோ?"

"நீர் மாடு வளர்க்கிறேல்லையே. என்னத்துக்கு?"

"கொம்பியூட்டருக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொம்பியூட்டருக்குமோ ஊசி போடப்போறீர்?" என்று கேட்டுவிட்டு அவரே நெடுநேரம் சிரித்தார். ஆனால் நல்ல மனிதர். அவருடைய சொந்தக் கொள்கலன் ஒன்று ஒழுகத் தொடங்கியிருந்தது. உள்ளே இருந்ததை வேறொன்றுக்கு மாற்றிவிட்டு, அடியில் மிஞ்சும் நைதரசனை நிலத்தில்தான் ஊற்றப்போவதாகச் சொன்னார். "சரஸ்வதி பூசையண்டு காலமை வாரும். பிந்தினால் வெறும் புகைதான் கிடைக்கும்."

அந்த வாரத்தோடு பட்டியலில் எங்கள் பிரிவுக்கான போட்டி முடிகிறது. சந்தர்ப்பம் இப்படி வாய்ப்பது என் வாழ்க்கையில் வழக்கமில்லை. தோழனுக்குச் சொன்னேன். அவன் தலைகால் தெரியாத சந்தோஷத்தில், நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு அழைத்து, "உங்கடை மகன் உலகத்திலை முதலாவதாய் வரப்போறான்" என்று சொல்லிவிட்டான். அன்று பின்னேரம் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். நான் மேசையில் வேலை செய்வதைப் பார்த்தார். பிறகு குசினிக்குப் போய் இலண்டனில் இருக்கும் மாமாவுக்குப் போன் எடுத்துச் சத்தமாகக் கதைத்தார். 'உலகத்திலை' என்ற சொல் திரும்பத் திரும்பக் கேட்டது.

பூசைக்கு முதல்நாள் மதர்போட்டை ஆயத்தம் பண்ணினேன். நைதரசன் ஊற்றும்போது சுற்றியுள்ள எல்லாமே வேர்க்கும். ஒரு துளி தண்ணீர் உள்ளே இறங்கினால் கதை முடிந்தது. அதற்காக மதர்போட் முழுக்க வசலின் பூசுவோம். புரொசெசர் உட்காருகிற, சொக்கெற் என்கிற சதுரமான குழிக்குள்ளும் பூசவேண்டும். அந்தக் குழிக்குள் மயிரிழை போன்ற வளைந்த ஊசிகள் நூற்றுக்கணக்கில் நிற்கும். ஒன்று சரிந்தாலும் வேலை செய்யாது. ஒரு சின்னத் தூரிகையால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினேன். அப்பா வந்து பார்த்தார். "உதென்ன களிம்பு?" என்றார். "ஈரம் பிடிக்காமல் இருக்க" என்றேன். ஒரு மெல்லிய துணியால் மூடிவைத்துவிட்டு, புரொசெசரை அதன் சின்னப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

மறுநாள் காலை புளியங்கூடலுக்குப் போய் அகன்ற வாயுள்ள தேத்தண்ணி பிளாஸ்க் நிறைய நைதரசன் வாங்கிக்கொண்டு வந்தேன். மூடியை இறுக்கிப் பூட்டினால் வெடிக்கும் என்று மேலே சும்மா வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஆமை வேகத்தில் வந்தேன். வழியில் எதிர்ப்பட்டவர்கள், நான் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோவதாக நினைத்து முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ காலம்.

வீட்டு வாசலிலேயே சாம்பிராணி மணத்தது. அப்பா முழுகி, வீபூதி பூசி, விசேஷத்துக்கு எடுக்கும் வேட்டி கட்டி நின்றார். "வந்திட்டியோ? வா, வந்து பார்" என்று என் கையைப் பிடித்துச் சாமியறைக்கு இழுத்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் அவல், கடலை, வாழைப்பழம். பக்கத்தில் வாழையிலையில் என் மதர்போட். பளபளவென்று துடைத்துச் சுத்தமாக இருந்தது. நடுச் சதுரத்தில் வட்டமாய்ச் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

"எங்கடை கடையிலை இந்த நாளிலை தராசு வைக்காமல் விட்டதில்லை. துப்புரவாக்கிப் போட்டுத்தான் பொட்டு வைப்பம். உதிலையும் ஒரே பிசுக்கு அப்பிக் கிடந்தது. வேட்டித் துண்டாலை நல்லா அழுத்தித் துடைச்சுப் போட்டுத்தான் வைச்சனான். உனக்கு உதுதானே தராசு" என்றார் அப்பா.

எனக்கு அப்போது 'அழுத்தித் துடைச்சு' என்ற இரண்டு சொல்தான் கேட்டது. மற்றவை காதில் ஏற நாளெடுத்தன. அந்த விளையாட்டை அவர் அதுவரை தொழிலென்று மதித்ததில்லை. மதித்ததும் தொழில் சாமானுக்குச் செய்யவேண்டியதை ஒன்று குறையாமல் செய்திருக்கிறார்.

எடுக்கப்போனேன். "விடிய எடுக்கலாம். ஒருநாள் அங்கை கிடக்கட்டும்" என்று தடுத்தார். நைதரசன் விடியுமட்டும் நிற்காது என்றேன். பிளாஸ்கின் மேலால் வழிந்த புகையைப் பார்த்தார். "அப்ப சரி. சரஸ்வதி ஒண்டும் பிழை பிடிக்கமாட்டா" என்று தானே எடுத்து என் இரண்டு கையிலும் தந்தார்.

அறைக்குள் போய்ப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க ஊசிகள் சாய்ந்து ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. சில முறுகியிருந்தன. இடையில் வேட்டி நூல் சிக்கியிருந்தது. அதற்கெல்லாம் மேலே சந்தனம் காயத் தொடங்கியிருந்தது.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரும் திருப்பிக் கத்தியிருப்பார், வழக்கம்போல இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் தேத்தண்ணியோடு சமாதானமாகியிருப்போம். நான் கதவைச் சாத்தாமல் அப்படியே கதிரையில் இருந்து, தையல் ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினேன். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் சந்தனத்தை ஒற்றி எடுத்தேன். பஞ்சு மஞ்சளாக வந்தது. பக்கத்தில் பிளாஸ்க் சீறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் என்னை அவசரப்படுத்தியது. அவசரப்படக்கூடாத வேலை. நிமிர்த்திய ஊசி ஒன்று அடியோடு முறிந்தது.

பார்க்க விழித்திருந்த தோழன் வீடியோவில் அழைத்தான். கை இரண்டும் வேலையில் இருந்ததால் போனைச் சுவரில் சாய்த்து வைத்துச் சத்தமாக விட்டிருந்தேன். கமெரா வழியாகக் குழியைப் பார்த்தவன் பதறிவிட்டான்.

"ஐயோ மச்சான், என்னடா இது? சொக்கெற்றுக்கை துணியைப் போட்டுத் தேய்ச்ச விசரன் ஆர்?"

வாசலில் கோப்பை ஒன்று தட்டில் அசைகிற சத்தம் கேட்டது. அப்பா தேத்தண்ணியோடு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. மேசையில் குவிந்திருந்த மஞ்சள் பஞ்சுகளைப் பார்த்தார்.

"பிழையாப் போச்சோ தம்பி?"

"ஒண்டுமில்லை அப்பா. நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ."

தேத்தண்ணியை மேசையில் வைக்கப்போனவர், மேசையைத் தொடாமல் கையைப் பின்னுக்கு எடுத்தார். கோப்பையைக் கீழே நிலத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சீறல் குறையக் குறைய எனக்குப் பொறுமையும் குறைந்தது. இனிக் காத்திருந்தாலும் நைதரசன் இருக்காது. நிமிர்ந்ததுவரை போதும் என்று அந்த ஒரேயொரு புரொசெசரை உள்ளே வைத்துப் பூட்டி, கிண்ணத்தை ஏற்றி, இருந்ததை ஊற்றி மின்சாரத்தைப் போட்டேன். கணினியின் மின்விசிறி ஒரு தரம் சுற்றியது. எரிந்த வாசனை வந்தது. திரை வெளிச்சமாகவே இல்லை. தொடாமலிருக்க வேண்டிய இரண்டு ஊசிகள் எங்கோ தொட்டிருக்கவேண்டும். புரொசெசரைக் கழற்றிப் பார்த்தபோது அடியில் கறுப்பாக ஒரு புள்ளி. தோழன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

போட்டி முடிந்தது. யாரோ ஒருவன் முதலாவதாக வந்தான். அடுத்த பருவத்தில் புதியவர்கள் வந்து என்னைப் பத்துக்கு வெளியே தள்ளினார்கள். இப்போது என் பெயரைக் கண்டுபிடிக்க மூன்று பக்கம் புரட்டவேண்டும். தோழன் வேறொரு மதர்போட் தேடி அனுப்புவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். அதேபோல இன்னொரு புரொசெசர் அகப்படும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அகப்படுமென்றாலும் தேட மனமில்லை. கடைக்கு வரும் பழைய கணினிகளை இப்போது திறந்து பாராமலே நிறுவைக்குப் போடுகிறோம்.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். என்னால் தாங்க ஏலாதது வேறு.

இலண்டன் மாமா அழைத்து, மகன் முதலாவதாய் வந்தானோ என்று கேட்டபோது, அப்பா "நான் கெடுத்துப் போட்டன்" என்று மட்டும் சொல்லிப் போனை என்னிடம் தந்தார். அதன்பிறகு அவர் கை சுருங்கிவிட்டது. ரேடியோ கரகரத்தால் கரகரத்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறார். மோட்டர் பழுதானால் நான் வரும்வரை வாளியால் அள்ளுகிறார். தொலைக்காட்சி ரிமோட்டை எடுக்கமுன் "தம்பி, உதைத் தொடலாமோ?" என்று கேட்கிறார். முதல் தரம் பகிடி என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்கடை வீடப்பா. என்ன கேள்வி இது?" என்று கோபித்தும் பார்த்தேன்.

"ஓம், ஓம். எண்டாலும் எங்களுக்கு உதுகள் விளங்காது."

அவர் அந்த நாளைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. நான் பேச எடுத்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிறார். பிழை உங்களுடையது இல்லை என்று சொன்னேன். அது பொய் என்று அவருக்குத் தெரியும். நான் உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், மதர்போட்டையும் பெட்டியில் பூட்டியிருக்கலாம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார். கலவரத்தில் கடை எரிந்ததைச் சொல்லும்போதுகூட மேசையில் அடித்துச் சொல்கிற மனிதர் அவர்.

போன சித்திரையில் ஒருநாள் மத்தியானம் கடையில் மின்சாரம் போக, நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். அனல் காற்று. எங்கள் பக்கத்தில் மின்சாரம் இருந்தது. குளிர்சாதனப் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அப்பா கூடத்தில் கதிரையில் இருந்தார். நெஞ்சு, முதுகு எல்லாம் வேர்த்து வழிந்து, சால்வை ஊறி, முகம் சிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே மின்விசிறி அசையாமல் நின்றது. அதன் சுவிச் அவர் கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் இருந்தது.

"ஏனப்பா ஃபானைப் போடாமல் இருக்கிறியள்?"

"கரண்ட் போய் வந்தது. உடனே போட்டால் பழுதாகுமோ தெரியேல்லை. நீ வரட்டுமெண்டு இருந்தனான்" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். காலையிலிருந்து என்றார்.